கார் என்ஜினைக் கழுவப் போகிறீர்களா? குழாயைக் கீழே வையுங்கள்!

செஞ்சிக் கோட்டைக்கு 2025-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி ஒரு பெருமை வந்து சேர்ந்தது. பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியர் ஆட்சியோடு தொடர்புள்ள 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. அவற்றில் 11 கோட்டைகள் மராட்டிய மாநிலத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று, 1677-ம் ஆண்டு சிவாஜி கைப்பற்றிய நமது செஞ்சி.

கோட்டையைப் பார்க்கப் பலர் குடும்பத்தோடு காரில் வருகிறார்கள். சென்னையில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர். புதுச்சேரியில் இருந்து சுமார் 70 கிலோமீட்டர். திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் வழியில் நிறுத்தி இறங்குவதும் உண்டு. 800 அடி உயரமுள்ள ராஜகிரியில் ஏறி இறங்குவதற்குள் கால் கெஞ்சும். வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் குளித்து, தைலம் தேய்த்துப் படுத்து விடலாம்.

காரின் கதி என்ன? அதுவும் வெயிலில் ஓடி வந்திருக்கிறது. சாலைப் புழுதியை மூச்சோடு இழுத்திருக்கிறது. செஞ்சி நெல் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அறுவடைக் காலத்தில் எங்கு பார்த்தாலும் உமித்தூசி பறக்கும். கிராமத்துத் தார் ரோட்டில் கதிரைப் பரப்பி வைத்திருப்பார்கள். போகிற வண்டிகளே போரடித்துக் கொடுத்து விடும் என்பது கணக்கு! அந்தத் தாளும் வைக்கோலும் காரின் அடியில் சுற்றிக்கொண்டு கூடவே ஊருக்கு வந்து விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் பானெட்டைத் திறக்கிறார். உள்ளே ஒரே கருப்பு. கசிந்த எண்ணெயும் புழுதியும் கலந்து, அடுப்படிச் சுவரில் படிந்த பிசுக்கைப் போல அப்பிக் கிடக்கிறது. அவருக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறார். பக்கத்து வீட்டுக்காரர், "பெட்ரோலில் துணியை நனைத்துத் துடையுங்கள், பளிச்சென்று ஆகிவிடும்" என்று யோசனை சொல்கிறார்.

இரண்டும் கூடாது. முதல் காரியம் பணத்தைத் தின்னும். இரண்டாவது காரியம் உயிரையே குடிக்கும்.

எதற்காகச் சுத்தம்?

என்ஜின் பளபளக்க வேண்டும் என்பதற்காக அதைச் சுத்தம் செய்வதில்லை. பானெட்டை மூடிவிட்டால் அதன் அழகை யார் பார்க்கப் போகிறார்கள்? எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் சுத்தம் தேவை. பிசுக்கு மூடிய என்ஜினில் புதிய ஒழுகல் கண்ணில் படாது. சுத்தமாக இருந்தால் முதல் துளி தெரியும். சின்ன பாக்கிங் மாற்றுவதோடு செலவு தீர்ந்து விடும்.

இன்னொரு காரணம் தீ. என்ஜினில் இருந்து புகையைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய், ஓடும்போது பல நூறு டிகிரி சூடாகும். அதன் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் காய்ந்த வைக்கோலும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வேப்பமரத்தடியில் கார் நிறுத்துகிறவர்கள், உதிர்ந்த சருகு பானெட்டின் இடுக்குகளில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கார் பத்து வருஷம் ஓடியிருக்கும். என்ஜின் மட்டும் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னும். அதைப் பார்த்து மயங்கி விடாதீர்கள். ஒழுகலை மறைக்கக் கழுவி, மேலே பளபளப்பு மருந்தும் அடித்திருக்கலாம். பாதி மணி நேரம் ஓட்டிவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள். உண்மை வெளிவரும்.

தண்ணீர் செய்யும் சேதம்

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

இப்படிப்பட்ட வெள்ளத்தில் நின்ற காரைப் பற்றி மெக்கானிக்குகள் சொல்லும் முதல் எச்சரிக்கை ஒன்று உண்டு: "சாவியைத் திருப்பாதே!"

ஏன்? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். கைப்பிடி கொஞ்சம் இறங்கும். அதே பம்பில் தண்ணீரை நிரப்பி அழுத்துங்கள். இம்மியும் இறங்காது. தண்ணீரைச் சுருக்க முடியாது.

என்ஜினுக்குள் நடப்பதும் பம்பு வேலைதான். பிஸ்டன் மேலும் கீழும் போய்க் காற்றை அழுத்துகிறது. காற்று போகும் வழியில் தண்ணீர் போய்விட்டால், பிஸ்டன் மேலே வரமுடியாமல் முட்டும். அதைத் தாங்கும் இரும்புத் தண்டே வளைந்து விடும். பிறகு என்ஜினைப் பிரித்துப் போட வேண்டியதுதான்.

குழாயைக் காற்று இழுக்கும் வாயின் பக்கம் திருப்பினால், வீட்டு வாசலிலேயே இந்த வெள்ளத்தை வரவழைக்க முடியும்.

தண்ணீர் புகக்கூடாத இடங்கள் இன்னும் உண்டு. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, வயர்கள் சேரும் முனைகள், ஸ்பார்க் பிளக் இருக்கும் குழிகள், காரின் மூளை என்று சொல்லத்தக்க கம்ப்யூட்டர் பெட்டி ஆகியவை அவை. மழை பெய்தால் இவை நனைவதில்லையா என்று கேட்கலாம். மழை மேலிருந்து விழும். அதைத் தாங்கத்தான் மூடியும் ரப்பரும் வைத்திருக்கிறார்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும் மெஷினின் தண்ணீர் அப்படி வருவதில்லை. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் மெஷினிலேயே, டயரில் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல 40 மடங்குக்கு மேல் அழுத்தம் உண்டு. அது எந்த ரப்பரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து வயர் முனையில் பச்சைப் பாசி போலக் களிம்பு பிடித்து, கார் நடுவழியில் நிற்கும்.

சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது இன்னும் மோசம். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சீறுகிறது அல்லவா? சில தோசைக்கல் விரிசல் விட்டும் விடும். என்ஜினின் பாகங்களுக்கும் அதே கதிதான். கோட்டை வாசலில் வந்து நின்றவுடன் பானெட்டைத் திறந்து, "பாவம், சூடாக இருக்கிறது" என்று பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியையும் அப்போது திறக்கக்கூடாது. அது பிரஷர் குக்கர் மாதிரி. ஆறுவதற்கு முன் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பெட்ரோல் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம்

அந்தக் காலத்தில் ஒர்க்ஷாப்புகளில் மண்ணெண்ணெயைப் பீய்ச்சி என்ஜினைக் கழுவுவது வழக்கம். அம்பாசடர் காரும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும் இப்படிக் குளித்தவைதான். "அப்போது ஒன்றும் ஆகவில்லையே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த என்ஜின்களில் கம்ப்யூட்டர் இல்லை. பிளாஸ்டிக் குறைவு. வயர்கள் குறைவு. ஆனால் தீ விஷயத்தில் அன்றும் ஆபத்து ஆபத்துதான்.

பெட்ரோல் பனி உறையும் குளிரில்கூடத் தீப்பற்றும் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து, பள்ளமான இடத்தில் தேங்கும். பக்கத்து அறையில் பூஜை விளக்கு எரிந்தால் போதும். மண்ணெண்ணெய் அவ்வளவு வேகமானது அல்ல. சுமார் 40 டிகிரி சூட்டில்தான் தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கும். ஆனால் செஞ்சியில் கத்திரி வெயிலே அந்த அளவைத் தொடும்! என்ஜின் சூட்டைக் கேட்கவே வேண்டாம்.

போதாக்குறைக்கு, இந்த எண்ணெய்கள் ரப்பர் குழாய்களை ஊற வைத்து உப்பச் செய்து விடும். பெல்ட்டில் பட்டால் அது வழுக்கும், கீச்சிடும்.

எண்ணெய்க் குளியலின் ரகசியம்

சரி, எண்ணெய் எதில்தான் போகும்? இதற்கு விடை நம் வீட்டுக் குளியலறையிலேயே இருக்கிறது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். வெறும் தண்ணீரை எத்தனை குடம் ஊற்றினாலும் எண்ணெய் போகாது. சீயக்காய் போட்டால் போய்விடும்.

சீயக்காயில் உள்ள சத்துக்கு இரண்டு முனைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனைக்கு எண்ணெயைப் பிடிக்கும். மறு முனைக்குத் தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெயை ஒரு கையாலும் தண்ணீரை ஒரு கையாலும் பிடித்து, இரண்டையும் சேர்த்து வைத்து அனுப்பி விடுகிறது. சோப்பு செய்வதும் இதுதான். பிசுக்குப் பாத்திரத்தில் பாட்டி சாம்பல் போட்டுத் தேய்த்தாரே, அங்கும் சாம்பலின் காரம் கொழுப்போடு சேர்ந்து கொஞ்சம் சோப்பாக மாறியது.

தண்ணீரில் கலந்து உபயோகிக்கும் "டிகிரீசர்" என்ற பிசுக்கு நீக்கி, மோட்டார் உதிரிச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. அதுவும் சீயக்காயின் சொந்தக்காரன்தான். வாங்கும்போது டப்பாவில் இரண்டு விஷயம் பாருங்கள். என்ஜினுக்கு உரியது என்று இருக்க வேண்டும். அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் கெடுதல் செய்யாது என்று இருக்க வேண்டும். காஸ்டிக் சோடா கலந்ததைத் தொடவே கூடாது. அலுமினியப் பாத்திரத்தைச் சோடா போட்டுத் தேய்த்தால் கருத்துப் போவதை வீட்டில் பெண்கள் கண்டிருப்பார்கள். இன்றைய என்ஜின்களில் பெரும்பகுதி அலுமினியம்தான்.

பிசுக்கு லேசாக இருந்தால் கடைக்கே போக வேண்டாம். கார் ஷாம்பூ கொஞ்சம், ஒரு வாளித் தண்ணீர், பனியன் வேஸ்ட் துணி. இவ்வளவு போதும்.

கையில் வளையலா?

விடியற்காலையில் வேலையை ஆரம்பிப்பது நல்லது. இரவு முழுவதும் நின்ற கார் குளிர்ந்திருக்கும். வெயிலும் வராது. நிழலான, காற்றோட்டமான இடத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதை லேசாக நினைக்க வேண்டாம். பல கார்களில் ரேடியேட்டர் மின்விசிறி, என்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும். விரலை இழந்தவர்கள் உண்டு. அப்பா காரைத் துடைக்கும்போது பிள்ளைகள் "நானும், நானும்" என்று ஓடி வருவார்கள். சக்கரத்தைத் துடைக்கும் வேலையை அவர்களுக்குக் கொடுத்து அனுப்பி விடுங்கள்.

மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பாட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரு வளையல் தொட்டுவிட்டால், வளையல் நொடியில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டு விடும். 12 வோல்ட் தானே என்று எண்ணக்கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிந்தால் கண்ணுக்கும் பாதுகாப்பு.

பாட்டரி வயரில் மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மைனஸ் முனை காரின் உடம்போடு இணைந்திருக்கிறது. அது இணைந்திருக்கும்போது பிளஸ் முனையில் ஸ்பேனரை வைத்து, ஸ்பேனரின் மறு நுனி காரின் தகட்டில் இடித்தால் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது தலைகீழ்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். சில புதிய கார்களில் பாட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோவும் மறந்துபோகும். காரோடு கொடுத்த புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டரி முனையில் வெள்ளையாக மாவு பூத்திருந்தால் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் பிரஷால் தேய்க்கலாம். நுரைத்துக்கொண்டு அமிலம் அடங்கும். அந்தத் தண்ணீர் பாட்டரிக்குள் மட்டும் போகக்கூடாது.

மின்சாரக் கார், ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர்கள் தெரிந்தால் அவற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது என்று அர்த்தம். பானெட்டை மூடிவிட்டுக் கம்பெனி சர்வீசுக்கு விடுங்கள்.

எலிக் குடித்தனம்

முதலில் எல்லாம் காய்ந்த வேலை. சருகு, வைக்கோல், உமி எல்லாவற்றையும் கையாலும் பிரஷாலும் எடுத்து விட வேண்டும். முன்கண்ணாடிக்குக் கீழே மழைத் தண்ணீர் வடியும் துவாரங்கள் இருக்கும். அவை அடைத்திருந்தால் தண்ணீர் காருக்குள் வந்து விடும்.

வயல் பக்கம் உள்ள வீடுகளில் எலி குடியேறியிருக்கலாம். குளிர் காலத்தில் என்ஜினின் கதகதப்பு அதற்குப் பிடிக்கும். கந்தலும் காகிதமும் சேர்த்துக் கூடு கட்டி, பொழுதுபோகாத நேரத்தில் வயரைக் கடித்து வைக்கும். எலி மூத்திரத்தால் எலிக் காய்ச்சல் பரவும். ஆகையால் வெறும் கையால் கூட்டைத் தொடக்கூடாது. கடித்த வயர் தெரிந்தால் கழுவும் எண்ணத்தையே விட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுத்து, தண்ணீர் படக்கூடாத இடங்களுக்கு பாலிதீன் பையைத் தொப்பியாகப் போட்டு ரப்பர் பாண்டால் கட்ட வேண்டும். காற்று இழுக்கும் வாய், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, பிளக்குகளின் மேல்பகுதி ஆகியவற்றுக்குத் தொப்பி அவசியம். எத்தனை பை கட்டினோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அவிழ்க்கும்போது எண்ணிக்கை சரியாக வர வேண்டும். மறந்துபோன பை ஒன்று உருகி ஒட்டிக்கொண்டால் வாசனை ஒரு மாதத்துக்குப் போகாது. ஆயில் ஊற்றும் மூடி, பிரேக் ஆயில் மூடி, ஆயில் அளவு பார்க்கும் கம்பி எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

பிசுக்கு நீக்கியை டப்பாவில் சொன்ன அளவுக்குத் தண்ணீரில் கலந்து, கைத்தெளிப்பானால் பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் அடியுங்கள். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. மூன்று நான்கு நிமிஷம் ஊறட்டும். காய விடக்கூடாது, காய்ந்தால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். பிரஷால் தேய்த்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். துணியைப் பிழிந்து பிழிந்து நாலைந்து தடவை துடைத்தால் போதும். ஒரு சொம்புத் தண்ணீரைக் கூட ஊற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பெல்ட்டுகள் பக்கம் மருந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பொறுமை. பைகளை அவிழ்த்துவிட்டு, இரண்டு மணி நேரம் பானெட்டைத் திறந்தே வைக்க வேண்டும். இடுக்கில் நிற்கும் தண்ணீரைச் சைக்கிள் பம்பால் ஊதி விரட்டலாம். நன்றாகக் காய்ந்த பிறகு பாட்டரியை மாட்டி, திறந்த வெளியில் என்ஜினை ஓட விடுங்கள். லேசாக ஆவி வந்தால் பயப்பட வேண்டாம். என்ஜின் உதறினால் உடனே நிறுத்துங்கள். எங்கோ ஈரம் இருக்கிறது.

வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த பிறகு இதைச் செய்தால் தாராளம்.

சங்கராபரணிக்குப் போகும் எண்ணெய்

வாளியில் இப்போது கருப்புத் தண்ணீர் இருக்கிறது. அதைத் தெருச் சாக்கடையில் கொட்டினால் எங்கே போகும்? செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறு, வீடூர் அணை வழியாகப் புதுச்சேரி வரை போய்க் கடலில் கலக்கிறது. செஞ்சிச் சாக்கடையில் கொட்டும் எண்ணெய் மழையோடு ஏரிக்கும் ஆற்றுக்கும் போகும். அந்தத் தண்ணீரில்தான் நெல் விளைகிறது. கழிவு எண்ணெயை அபாயக் கழிவு என்றே 2016-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் வகைப்படுத்தியிருக்கின்றன.

கோட்டைக்குள் ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் செட்டிக்குளத்தையும் சக்கரக்குளத்தையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த வறண்ட பாறை நாட்டில் முன்னோர்கள் ஒவ்வொரு துளித் தண்ணீரையும் எப்படிச் சேர்த்தார்கள் என்று. எந்தக் குளத்தின் கரையிலும், எந்த ஏரியின் மதகிலும் காரை நிறுத்திக் கழுவுவது பெரிய அநியாயம்.

காருக்கு அடியில் பழைய கோணிச் சாக்கை விரித்து வைத்தால் சொட்டும் எண்ணெயை அது குடித்து விடும். திரட்டிய பிசுக்கையும், வடித்த பழைய ஆயிலையும் மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, கழிவு ஆயில் சேர்க்கும் ஒர்க்ஷாப்பில் கொடுக்கலாம். எண்ணெய் ஊறிய துணியை அடுப்பு மூட்ட வைத்துக்கொள்வது சில வீடுகளில் வழக்கம். அதை நிறுத்த வேண்டும். ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை நிறத் திரவம் சிந்தியிருந்தால் உடனே துடையுங்கள். அது இனிப்பாக இருக்கும், கடும் விஷம். நாய் நக்கினாலும் குழந்தை தொட்டு வாயில் வைத்தாலும் ஆபத்து.

மறுநாள் காலை

சுத்தம் செய்த அன்று இரவு, காருக்கு அடியில் நாலைந்து பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். தாளில் ஒன்றும் இல்லையா? சந்தோஷம். நிறமில்லாத தண்ணீர் என்றால் அது ஏ.சி.யில் இருந்து சொட்டியது; கவலை இல்லை. பழுப்பாகவோ கருப்பாகவோ இருந்தால் என்ஜின் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது ஒரு நிறத்தில், தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தால் பெரும்பாலும் ரேடியேட்டர் திரவம். வெளிர் மஞ்சளாக, சக்கரத்தின் பக்கத்தில் சொட்டியிருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்தக் காரை ஒரு அடிகூட ஓட்டக்கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

தாளில் கறையே இல்லாமல் பெட்ரோல் வாசனை மட்டும் அடித்தால், சாவியைத் தொடாமல், காரை நிழலில் தள்ளி நிறுத்திவிட்டு முதலில் வீட்டு அடுப்பை அணையுங்கள். மெக்கானிக் வரும்வரை பாட்டரி வயரைக்கூடத் தொட வேண்டாம்.